முகத்துவாரம் வெட்டும் நியாயம்

'கொள்கை' என்பது தமிழில் ஓர் அருமையான சொல். 'கொள்' என்னும் வினையடியிலே பிறந்தது. ஒருவன் தன் உள்ளத்தே ஏற்றுக்கொண்டது எதுவோ, அதுவே அவன் கொள்கை. பிறர் எழுதிக் கையிலே கொடுத்தது கட்டளையாகலாம்; அறிக்கையாகலாம்; கொள்கையாகாது. கொள்வார் இல்லாத கொள்கை, உண்பார் இல்லாத சோறு போலக் கிடந்து ஊசிப்போகும்.

இந்த இலக்கணத்தை இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டுக்குக் காலநிலை மாற்றம் பற்றிய தேசியக் கொள்கை ஒன்று இருக்கிறது. 2012 ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்டு, 2023 ஆம் ஆண்டிலே புதுக்கப்பட்டது. சுற்றாடல் அமைச்சின் கீழே காலநிலை மாற்றச் செயலகம் ஒன்றும் 2008 ஆம் ஆண்டு முதல் உண்டு. 2016 முதல் 2025 வரைக்கும் ஒரு தேசிய இசைவாக்கத் திட்டமும் எழுதப்பட்டது. இவற்றைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அறிந்தவர்கள் முயன்று எழுதியவை அவை. நான் கேட்பது ஒன்றே: இவற்றைக் கொண்டவர் யார்? வெள்ளத்துக்கு வயலைக் கொடுக்கும் உழவர் கொண்டனரா? வாவியை நம்பி வலை வீசும் மீனவர் கொண்டனரா? அவர்கள் கொள்ளுமுன் அவர்களைக் கேட்டவர் உண்டா?

தேசத்துக்குரிய இவ்வினாவுக்கு விடை தேடக் கொழும்புக்குப் போக வேண்டுவதில்லை. மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தண்டை நின்றால் போதும்.

இரு கரைகளின் வழக்கு

எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரைக்கும் கடலுக்கு இணையாகக் கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றரை. அது ஞாயிறு எழும் கரை, எழுவான்கரை. வாவிக்கு மேற்கே பரந்த வயல்நிலம். அது ஞாயிறு படும் கரை, படுவான்கரை. திசையை நூலிலே படித்தறியாத முன்னோர், கதிரவனைக் கண்டு இட்ட பெயர்கள் இவை.

வாவி கடலோடு கலக்குமிடம் பாலமீன்மடு அருகே உள்ள முகத்துவாரம். தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலே இன்னொரு வாய் உண்டு. கோடையிலே அலை மணலை வாரிக்கொணர்ந்து குவித்து வாயை அடைத்துவிடும். மாரி பிறந்ததும் மேற்கே உள்ள ஆறுகளும் குளங்களும் நிரம்பி வாவிக்குள் இறங்கும். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடிவதற்குள் பெய்துவிடுவது. நீர் ஏறும், மணற்றிட்டு மறிக்கும். அப்போது எழும் வழக்குத்தான் முகத்துவாரம் வெட்டும் வழக்கு.

"வெட்டுங்கள்" என்பார் உழவர். பெரும்போக நெல் இளம்பயிராய் நிற்கும் காலம் அது. நீருள் மூழ்கிப் பல நாள் கிடந்தால் பயிர் அழுகும். தாழ்ந்த நிலத்திலே குடியிருப்பவரும் உழவரோடு சேர்ந்துகொள்வர்.

"பொறுங்கள்" என்பார் வாவி மீனவர். கடலிலே பொரித்த இறால் குஞ்சாக வாவிக்குள் வந்து, இங்கே வளர்ந்து, முதிர்ந்தபின் மீண்டும் கடல் நோக்கிப் போவது இயற்கை. பருவத்துக்கு முன் வாயை வெட்டிவிட்டால், பெருகி ஓடும் வெள்ளத்தோடு முதிராத இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும். பல மாதத்து உழைப்பு ஓரிரவிலே கரையேறாமற் போகும். எனினும் மீனவரெல்லாம் ஒரே குரலிற் பேசுவரென்று எண்ணுதல் தவறு. கடற்றொழில் செய்வோர்க்கு வாய் திறப்பது தோணி போகும் வழி. வாவித் தொழிலாளிக்கு அதுவே செல்வம் போகும் வழி.

வழக்கின் சிக்கல் இத்துடன் முடியவில்லை. வெட்டியபின் மழை நின்றுவிட்டாலோ? வாவியின் நீர்மட்டம் தாழும். கடல்நீர் உள்ளே ஏறும். கரையோரத்து வயலும் கிணறும் உவர்ப்படும். நேற்று வெட்டச் சொன்ன உழவரே நாளை ஏன் வெட்டினோம் என்று வருந்த நேரும்.

என் வகுப்பிலே ஒரே வாங்கிலே இரு கரைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'எங்கள் ஊர் மாரி' என்னும் பொருளிலே கட்டுரை எழுதச் சொன்னேன். படுவான்கரைப் பிள்ளை, முகத்துவாரம் வெட்டிய நாளைத் தன் வீட்டார் மூச்சுவிட்ட நாளென்று எழுதினான். அவனருகே இருந்த வாவிக்கரைப் பிள்ளை, அதே நாளைத் தன் தந்தை வலையைச் சுருட்டி வைத்த நாளென்று எழுதினான். இரண்டிலும் பிழை திருத்த இடமில்லை. இரண்டும் உண்மை. உண்மையும் உண்மையும் மோதும் இடத்திலே சபை ஒன்று வேண்டும்.

சபை ஏன் வேண்டும்?

அத்தகைய சபை எங்களுக்குப் புதிதன்று. மட்டக்களப்பிலே முகத்துவாரம் வெட்டுவது தனியொருவர் எண்ணப்படி நடக்கக்கூடிய காரியமன்று. அரசாங்க அதிபரும், நீர்ப்பாசனப் பொறியியலாளரும், உழவர் அமைப்புகளும், மீனவர் சங்கங்களும் தம்முட் பேசித் தீர்க்க வேண்டிய காரியம் அது. பேச்சிலே சூடு ஏறும்; மேசை தட்டப்படுவதும் உண்டு. ஆயினும் அச்சபையிலே நிகழும் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் தம் நட்டத்தை மாத்திரம் கொண்டுவருவதில்லை. தம் அறிவையும் கொண்டுவருகிறார்கள்.

பொறியியலாளர் அளவுகோலை அறிவார். எந்தக் குளத்திலே எத்தனை அடி நீர், எத்தனை வான்கதவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வார். உழவர் பயிரின் வயதை அறிவார். மீனவர் மணற்றிட்டு எவ்விடத்தில் மெலிந்திருக்கிறது, காற்று எப்படித் திரும்புகிறது என்பதை அறிவார். ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தெரியாது. மூவரும் கூடும்போதே வாவியின் முழு நிலையும் தெரியவரும். ஆகவே அவரவரை அழைப்பது அவர்க்குச் செய்யும் உபசாரமன்று; முடிவெடுப்போர் தம் குருட்டுத்தன்மை நீங்கச் செய்துகொள்ளும் வைத்தியம்.

வாவித் தொழிலிலே முதுமை கண்ட ஒருவரோடு இது பற்றிப் பேசினேன். "வாத்தியார், முந்தி வாடைக்காற்றுத் திரும்பினா மழை இன்ன மட்டிலெண்டு சொல்லுவம். இப்ப காத்தும் பேச்சுத் தவறுது" என்றார். காலநிலை மாற்றம் என்று நூலோர் கூறுவதை, காற்றின் வாக்குத் தவறுதல் என்று அவர் கூறினார்.

நூலோர் கூறுவதும் அதுவே. உலகின் சராசரி வெப்பம், 1850 முதல் 1900 வரையிருந்த நிலையிலிருந்து, 2011 முதல் 2020 வரையான காலத்தில் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்துவிட்டது. கடல்மட்டம் 1901 முதல் 2018 வரையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்றுத் தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏழு அளவில் கூடும். ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாதபோது வரண்டு கிடப்பதும் மிகுகின்றன.

மட்டக்களப்பார்க்கு வெள்ளமும் புயலும் புதியனவல்ல. 1957 டிசம்பர் வெள்ளத்தை முதியோர் மறக்கவில்லை. 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியைக் கண்டவர் இன்னும் காற்றொலி கேட்டால் கதவைப் பார்க்கிறார்கள். 2011 ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்து வயல்களை விழுங்கியது. 2025 நவம்பரில் வந்த டிட்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறு பேருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. இவையனைத்தையும் காலநிலை மாற்றத்தின் தலையிலே ஏற்றுதல் அறிவுடைமையன்று. ஆயினும் பழைய கணக்கை நம்பிப் புதிய மாரியை எதிர்கொள்ள இயலாது என்பது தெளிவு. கணக்குத் தவறும் காலத்திலேதான் கணக்கறிந்தோர் அனைவரும் கூடியிருத்தல் இன்றியமையாதது.

பழைய சட்டமும் புதிய பாடமும்

வயற்காரியத்தை வயலுக்குரியோர் கூடித் தீர்ப்பது இந்நாட்டின் பழைய மரபு. ஆங்கிலேயர் ஆட்சியிலே அம்மரபு தளர்ந்தது, குளங்கள் தூர்ந்தன. அதனைக் கண்ட ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்திலே, 1856 ஆம் ஆண்டு, நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. புதிய விதியை மேலிருந்து இறக்குவதன்று அதன் நோக்கம். வயல்நிலங்கள் பற்றிய பண்டை வழக்கங்களை மீட்டு வலியுறுத்துவதே நோக்கம். அந்நிய ஆட்சியும் அறிந்துகொண்ட உண்மை அது: உழவர் சம்மதமின்றி நீரை ஆள முடியாது.

இன்றும் ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. எந்நாளிலே நீர் திறப்பது, எந்நாளிலே விதைப்பு முடிவது, எவ்வளவு நிலம் செய்வது என்பன அங்கே தீர்மானமாகின்றன. தீர்மானம் எழுத்தில் ஏறி, மீறினோர் மேல் நடவடிக்கைக்கும் இடமாகிறது. வட்டை விதானையார் காலத்திலும், 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்த காலத்திலும், உழவர் அமைப்புகள் உள்ள இக்காலத்திலும் வடிவம் மாறியது. கூடிப்பேசும் நெறி மாறவில்லை.

அந்நெறியை மறந்தால் யாது விளையும் என்பதற்கும் நம் கண்முன்னே ஒரு பாடம் உண்டு. 2021 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, நாடு முழுவதும் ஒரே வீச்சில் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணைக் காத்தல் நல்ல நோக்கமே. ஆனால் எந்த நிலத்துக்கு எவ்வளவு சேதனப் பசளை வேண்டும், அது எங்கிருந்து வரும், மாறுதற்கு எத்தனை போகம் ஆகும் என்று உழவரைக் கேட்கவில்லை. விவசாய அறிவியலார் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. நவம்பரிலே தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகப் பயிர் வாடிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியை வெளிநாட்டிலிருந்து கொணர வேண்டியதாயிற்று. நல்ல நோக்கம் கேளாச் செவியோடு சேர்ந்தால் எவ்வளவு கேடாகும் என்பதை ஊர்தோறும் கண்டோம்.

'எல்லாரையும் கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா? வெள்ளம் காத்திருக்குமா?' என்பார் உண்டு. நியாயமான கேள்விதான். மழை கொட்டும் நள்ளிரவிலே சபை கூட்ட முடியாது. அதனாலேதான் கோடையிலே கூட்ட வேண்டும் என்கிறேன். ஆவணியிலே இரு கரையாரும் கூடி, 'வாவி நீர் இன்ன அளவுக்கு ஏறினால் வெட்டுவது; இன்ன இடத்திலே, இன்ன அகலத்திலே வெட்டுவது; அதனால் தொழில் இழப்போர்க்கு இன்ன உதவி' என்று முன்கூட்டியே உடன்பட்டுவிட்டால், மார்கழி வெள்ளத்திலே விவாதத்துக்கு இடமேது? அளவுகோல் பேசும், மனிதர் செயற்படுவர். முன்னே கேட்பது பின்னே விரைவைத் தரும். 2021 இலே கேளாமல் விரைந்ததன் பயனாக ஏழு மாதத்திலே வந்த வழி திரும்ப நேர்ந்தது.

இதற்கு அயலிலும் ஒரு சான்று காட்டலாம். மட்டக்களப்புக் கோட்டையை 1638 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியோர் ஒல்லாந்தர். அக்கோட்டையினுள்ளே நெடுங்காலம் கச்சேரி இயங்கியது. ஒல்லாந்தரின் தாய்நாடு கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தை மிகுதியும் உடையது. அங்கே அணையும் வாய்க்காலும் காக்கும் நீர்ச்சபைகள் 13 ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டன. நீரால் நன்மையும் தீமையும் அடைவோரே வரி செலுத்தி, உறுப்பினரைத் தெரிவுசெய்து, அச்சபைகளை இன்றும் நடத்துகிறார்கள். அரசுகள் மாறின, சபைகள் நின்றன. கடலோடு வாழ்வதற்கு அவர்கள் கண்ட உபாயங்களிலே சபையும் ஒன்று.

'பங்குதாரர்' என்னும் சொல்

இக்காலத்து அறிக்கைகளிலே 'பங்குதாரர்களை ஒன்றுசேர்த்தல்' என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல் நெருடுகிறது. பங்குதாரர் என்றால் வாணிகத்திலே முதலிட்டு இலாபத்திலே பங்கு கொள்பவர் என்பதே நம் மக்கள் அறிந்த பொருள். வாவிக்கரையிலே கையால் தடவி இறால் பிடிக்கும் பெண் எந்தக் கம்பனியிலே பங்கு வாங்கினாள்? குத்தகைக்கு நிலம் செய்பவன் எந்த இலாபத்துக்குப் பங்காளி? ஆங்கிலச் சொல்லின் உட்பொருள், தமக்குரிய ஒன்றைப் பணயத்தில் வைத்திருப்பவர் என்பதாகும். அவர்களை 'உரியோர்' என்றால் போதும். காரியத்துக்கும் உரியோர், அதன் இழப்புக்கும் உரியோர்.

சொல்லிலே என்ன இருக்கிறது என்று தள்ளிவிடலாகாது. சொல் பிழைத்தால் அழைப்புப் பிழைக்கும். 'பங்குதாரர்' கூட்டமென்றால் சங்கத் தலைவரும் நிலவுடைய போடியாரும் வருவர். கூலிக்கு நாற்றுப் பிடுங்கும் பெண் தன்னைக் கருதிய கூட்டமென்று எண்ணாள். வெள்ளத்திலே முதலிற் பட்டினி கிடப்பவள் அவளே. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் வணிகரும் உழவரும், படுவான்கரைத் தமிழரும், ஆறுகள் பிறக்கும் மேல்நிலத்திலே வாழும் சிங்கள உழவரும் ஒரே நீரின் உரியோர். மேலே திறக்கும் கதவு கீழே வெள்ளம். ஆகவே சபை மாவட்ட எல்லையோடு முடிவதில்லை. வாவியின் வழக்கு மெல்ல மெல்லத் தேசத்தின் வழக்காகிறது. தொலைநாட்டுப் புகையையும் எண்ணினால் உலகத்தின் வழக்காகிறது.

உலகமும் இதனை ஒப்புக்கொண்டிருக்கிறது. 1992 ஆம் ஆண்டு ரியோ நகரிலே கூடிய நாடுகள், சுற்றாடற் காரியங்களை அவற்றோடு தொடர்புடைய குடிமக்கள் பங்குபற்றலோடு நடத்துவதே சிறந்ததென்று கூறின. 2015 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் 7 ஆம் உறுப்புரை, இசைவாக்கம் மக்கள் பங்குகொள்வதாயும் ஒளிவுமறைவற்றதாயும் இருக்க வேண்டுமென்றும், விஞ்ஞானத்தோடு மரபறிவையும் உள்ளூர் அறிவையும் தழுவ வேண்டுமென்றும் சொல்கிறது. இலங்கை அவ்வுடன்படிக்கையை 2016 செப்டெம்பரிலே ஏற்று உறுதிசெய்தது. ஆகவே காற்றின் வாக்குத் தவறியதைச் சொன்ன முதியவரின் அறிவுக்கு ஆசனம் இடுதல் தயவன்று. நாடு கொடுத்த வாக்கு.

அறிவியலைத் தமிழிலே சொல்ல இயலாதென்ற காரணமும் இங்கே எடுபடாது. காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930 களிலே சென்னையிற் கூடிய சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழிலே ஆக்கத் துணைநின்றார். அவர் பிறந்த மண்ணிலே, காலநிலைக் கொள்கையின் வரைவு ஆங்கிலத்திலே பேசப்பட்டு, முடிந்தபின் தமிழிலே பெயர்க்கப்படுவது பொருந்துமா? முடிந்தபின் வருவது மொழிபெயர்ப்பு; முடியுமுன் வருவதே கலந்தாலோசனை. மீனவர் நாவிலே கச்சானும் சோளகமும் வாடையும் கொண்டலும் வெவ்வேறு காற்றுகள், ஒவ்வொன்றுக்கும் மாதமுண்டு, தொழிலுண்டு. அச்சொற்கள் நுழையாத அறிக்கையிலே அவர்களின் அறிவும் நுழையாது.

இனிச் செய்யத்தக்கன

2025 வரைக்கென எழுதப்பட்ட இசைவாக்கத் திட்டத்தின் காலம் முடிந்தது. இனி எழுதப்படுவன எவ்வாறு எழுதப்பட வேண்டும்? பெரிய செலவொன்றும் வேண்டாத சில காரியங்களைக் கேட்கிறேன்.

வரைவு மூன்று மொழியிலும் ஒரே நாளிலே வெளிவர வேண்டும். கூட்டம் அறுவடை நாளிலோ இறால் படும் காலத்திலோ அன்றி, மக்கள் ஓய்ந்திருக்கும் நாளிலே, அவர்கள் நடந்து வரக்கூடிய இடத்திலே கூட வேண்டும். நகரத்து விடுதி மண்டபத்திலே குளிரூட்டிய கூட்டம், நாட்கூலியை இழந்து வருவோர்க்கு உதவாது. சொன்னதை எழுத வேண்டும். எழுதியதை அவ்விடத்திலேயே வாசித்துக் காட்ட வேண்டும். ஏற்றுக்கொள்ளாத கருத்துக்கு ஏலாத காரணத்தையும் எழுத வேண்டும். கேட்ட எல்லாவற்றையும் செய்ய முடியாது; அதை மக்கள் அறிவார்கள். கேட்டது செவியில் விழுந்ததா என்பதை அறியவே விரும்புகிறார்கள். விடை பெறாத மனு மூன்றாம் முறை எழுதப்படாது. மௌனம் சம்மதமென்று அப்போது தவறாகப் பதிவாகும்.

பாடசாலைகளும் வாளா இருத்தல் ஆகாது. மழைமானி ஒன்றும் வாவிக்கரையில் அளவுகோல் ஒன்றும் நட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் குறித்துவந்தால், பத்தாண்டிலே அக்குறிப்பேடு சபைக்கு ஒரு சாட்சியாகும். பேரன் அளந்த மழையையும் பாட்டன் சொல்லும் காற்றையும் ஒரே ஏட்டிலே பதிவது மொழிப்பாடத்துக்கும் தகும். விஞ்ஞானப் பாடத்துக்கும் தகும்.

உழவரும் மீனவரும் தம்முள்ளே உடன்பட மாட்டார் என்று கருதி அவர்களைக் கேளாமல் விடுவோர், முகத்துவாரத்துச் சபையை ஒருமுறை வந்து பார்க்கட்டும். அங்கே ஒருவர் கேட்டது முழுதும் ஒருவர்க்கும் கிடைப்பதில்லை. உழவர் கேட்ட நாளிலே வெட்டு விழாது. மீனவர் கேட்ட நாள் வரைக்கும் நீர் நில்லாது. நடுவே ஒரு நாள் குறிக்கப்படும். தமக்கு நட்டமான அந்த நாளையும் இரு கரையாரும் ஏற்றுப் போகிறார்கள். ஏனெனில் அதைக் குறித்தபோது அவர்களும் அங்கே இருந்தார்கள்.